பிறந்த நிலமும் புகுந்த நிலமும்

நுழையும்முன்

ஒருவர் ஊர்விட்டு ஊர் செல்லும்போது அவருடைய வாழ்க்கை மாறுகிறது. இதை எல்லாரும் அறிவர். அவர் விட்டுச் சென்ற ஊரும் அவரை ஏற்றுக்கொண்ட ஊரும்கூட அதனால் மாறுகின்றன. இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தில்லி மாநகரின் வரலாற்றையும் இலங்கை மலையகத் தமிழரின் வரலாற்றையும் சான்றாகக் கொண்டு அம்மாற்றங்களை இப்பாடம் விளக்குகிறது.

1. வந்தவர்களின் நகரம்

தில்லியில் உள்ள ஒரு தமிழ் வகுப்பில் ‘சொந்த ஊர் எது?’ என்று ஆசிரியர் வினவினால், மாணவர் பலரும் சற்றுத் தயங்குவர். பிறந்தது தில்லியாக இருக்கும். தாத்தாவும் பாட்டியும் வாழும் ஊர் கும்பகோணமாகவோ விழுப்புரமாகவோ திருநெல்வேலியாகவோ இருக்கும். தயக்கம் தமிழ் மாணவருக்கு மட்டும் உரியதன்று. அதே பள்ளியில் பயிலும் பஞ்சாபி மாணவரின் கொள்ளுத்தாத்தா லாகூரில் பிறந்தவராக இருக்கலாம். வங்காள மாணவியின் முன்னோர் டாக்காவிலிருந்து வந்தவராக இருக்கலாம்.

இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று 1911-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. புதுதில்லி 1931-ஆம் ஆண்டில் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. அரசு அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் சுருக்கெழுத்தாளராகவும் பணியாற்றத் தமிழர் பலர் வடக்கே வந்தனர். அவர்களுடைய பிள்ளைகளின் கல்விக்காக 1923-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அமைப்பே இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். 1946-ஆம் ஆண்டில் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. கரோல் பாக், இராமகிருஷ்ணபுரம், மயூர் விகார் முதலிய பகுதிகளில் தமிழர் குடியிருப்புகள் பெருகின.

ஒரு நாட்டின் எல்லைக்குள் ஓரிடம் விட்டு வேறிடம் சென்று வாழ்வது உள்நாட்டு இடப்பெயர்வு எனப்படும். நாட்டின் எல்லையைக் கடந்து சென்று வாழ்வது பன்னாட்டுப் புலம்பெயர்வு எனப்படும். தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்தவர்கள் முதல் வகையினர். மலேசியாவுக்கோ துபாய்க்கோ கனடாவுக்கோ சென்றவர்கள் இரண்டாம் வகையினர்.

மணமான பெண்ணுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு வீடுகள் உண்டு. அவள் வருகையால் புகுந்த வீடு மாறுகிறது; அவள் பிரிவால் பிறந்த வீடும் மாறுகிறது. அவ்வாறே புலம்பெயர்ந்தோருக்குப் பிறந்த நிலம், புகுந்த நிலம் என்று இரண்டு நிலங்கள் உண்டு. இரண்டின் வரவையும் இழப்பையும் கணக்கிடும்போது, இடையில் நிற்கும் மனிதரின் வரவையும் இழப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இக்கணக்கு தவறிய இடங்களில் பெருந்துயர் விளைந்ததை வரலாறு காட்டுகிறது.

2. ஒரே நகரம், இரு பக்கம்

தில்லி புகுந்த நிலமாகவும் பிறந்த நிலமாகவும் ஒரே காலத்தில் விளங்கிய நகரம். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்தியா இரு நாடுகளாகப் பிரிந்தது. மேற்குப் பஞ்சாப், சிந்து, வடமேற்கு எல்லைப்புறம் ஆகிய பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் தில்லியை வந்தடைந்தனர். தில்லியிலிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் பாகிஸ்தானுக்குச் சென்றனர். வந்தவர்கள் கிங்ஸ்வே முகாமிலும் பிற முகாம்களிலும் தங்கினர். செல்ல இருந்தவர்கள் புராணா கிலா எனப்படும் பழைய கோட்டையிலும் உமாயூன் கல்லறை வளாகத்திலும் காத்திருந்தனர். இரு சாராரும் விரும்பி வீட்டைத் துறந்தவர்கள் அல்லர். அச்சமே அவர்களைப் பெயர்த்தது.

1941-ஆம் ஆண்டில் தில்லியின் மக்கள்தொகை ஏறத்தாழ 9 இலட்சம். 1951-ஆம் ஆண்டில் அது 17 இலட்சத்தைக் கடந்தது. பத்தே ஆண்டுகளில் ஒரு நகரம் இருமடங்கு அளவுக்குப் பெருகியது. வீட்டுக்கும் குடிநீருக்கும் வேலைக்கும் தட்டுப்பாடு உண்டாயிற்று. இது புகுந்த நிலம் ஏற்ற சுமை. ஆயினும் வந்தவர்கள் சுமையாகவே நின்றுவிடவில்லை. நடைபாதையில் துணி விற்றவர்களும் தள்ளுவண்டியில் பண்டம் விற்றவர்களும் நாளடைவில் கடைவீதிகளை உருவாக்கினர். லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், பட்டேல் நகர் ஆகிய குடியிருப்புகள் அவர்களுக்காக எழுந்தன. இன்று செல்வர்கள் நடமாடும் கான் மார்க்கெட், எல்லைப்புறத்திலிருந்து வந்த அகதிகளின் பிழைப்புக்காக 1951-இல் அமைந்த கடைத்தொகுதியே. பெஷாவரிலிருந்து வந்தவர்கள் தரியாகஞ்சில் நடத்திய உணவகத்தின் வழியாகத் தந்தூரி உணவு தில்லியில் புகழ் பெற்றது. தில்லியின் பேச்சும் உணவும் வணிகமும் பஞ்சாபின் சாயல் பெற்றன.

மறுபக்கத்தில், தில்லி தன் மக்களை இழந்தது. பழைய தில்லியின் கைவினைஞர், வணிகர், எழுத்தாளர் பலர் கராச்சியை அடைந்தனர். தில்லியில் ‘சாகி’ என்னும் உருது இதழை நடத்திவந்த ஷாகித் அகமது தெகலவி, கராச்சிக்குச் சென்று அவ்விதழை அங்கே தொடர்ந்து நடத்தினார். தில்லியின் நிகாரி என்னும் இறைச்சி உணவு கராச்சியின் காலை உணவாயிற்று. அந்நகரில் ‘தில்லி காலனி’ என்னும் பெயரில் ஒரு குடியிருப்பு இன்றும் உள்ளது. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் வாழ்ந்த கராச்சி, 1951-இல் 10 இலட்சத்தைக் கடந்த நகரமாயிற்று. அங்குச் சிந்தி மொழியின் குரல் தாழ்ந்தது. உருது மொழியின் குரல் ஓங்கியது. புதிதாக வந்தவர்களுக்கும் முன்னரே வாழ்ந்தவர்களுக்கும் இடையே மொழி பற்றியும் வேலை பற்றியும் பின்னாளில் பூசல்கள் எழுந்தன.

தில்லி ஏற்பதை நிறுத்தவில்லை. 1959-க்குப் பின் வந்த திபெத்தியர் மஜ்னு கா டீலாப் பகுதியில் குடியமர்ந்தனர். பஞ்சாப் அகதிகளுக்காக எழுந்த லாஜ்பத் நகரில் இன்று ஆப்கானியரின் ரொட்டிக் கடைகள் உள்ளன. நேற்று அடைக்கலம் பெற்றவரின் தெருவே இன்று அடைக்கலம் தருகிறது.

3. மலையேறிய தமிழர்

தமிழர் புலம்பெயர்வின் விளைவுகளை அறிய இலங்கை மலையகத்தின் வரலாறு தெளிவான சான்று. அவ்வரலாற்றின் ஒரு முக்கியமான நாள் தில்லியோடு தொடர்புடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியர் இலங்கையின் நடுமலை நாட்டில் காப்பித் தோட்டங்களை அமைத்தனர். 1869-ஆம் ஆண்டில் காப்பிச் செடிகளில் இலைநோய் தோன்றிப் பரவியது. காப்பி அழிந்த இடங்களில் தேயிலை தழைத்தது. அத்தோட்டங்களில் உழைக்கத் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். வறட்சி, பஞ்சம், கடன், நிலமின்மை, சாதிக் கொடுமை ஆகியவை அவர்களை ஊரிலிருந்து தள்ளின. கங்காணி என்னும் ஆள்திரட்டுபவர் கொடுத்த முன்பணமும் நல்வாழ்வு பற்றிய பேச்சும் அவர்களை மலைநோக்கி இழுத்தன. தொடக்க காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்தவர்களுள் பலர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தனர்.

மலையில் அவர்களுக்கு லயம் எனப்பட்ட வரிசை வீடுகள் கிடைத்தன. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. விடியலில் பெரட்டுக் களத்தில் கூடிப் பெயர் கொடுத்து வேலைக்குச் செல்ல வேண்டும். பெண்கள் கூடை சுமந்து கொழுந்து பறித்தனர். ஆண்கள் கவ்வாத்து வெட்டினர். கங்காணியிடம் பட்ட கடன் எளிதில் தீரவில்லை.

புகுந்த நிலத்தில் விளைந்த மாற்றம் பெரிது. ‘சிலோன் தேயிலை’ உலகப் புகழ் பெற்றது. மலைநாட்டை நோக்கி இருப்புப்பாதைகளும் சாலைகளும் அமைந்தன. ஏற்றுமதி வருவாயில் தேயிலை முதலிடம் பிடித்தது. ஆனால் அதே மலைநாட்டில் வாழ்ந்த கண்டிச் சிங்கள உழவர் ஓர் இழப்பை அடைந்தனர். ஆவணம் இல்லாத நிலங்களை 1840-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஆங்கில அரசு தன்னுடையதாக்கித் தோட்டக்காரர்களுக்கு விற்றது. நிலத்தை எடுத்தது அரசு. இலாபம் பெற்றது தோட்ட முதலாளி. ஆயினும் உழவரின் கண்ணுக்கு எதிரில் நின்றவர் கூடை சுமந்த தமிழ்த் தொழிலாளரே. எனவே மனக்கசப்பு அவர்மேல் திரும்பியது. புலம்பெயர்ந்தோர் செய்யாத குற்றத்துக்குப் புலம்பெயர்ந்தோரே பழி சுமப்பது பல நாடுகளில் இன்றும் காணப்படும் நிலை.

பிறந்த நிலத்திலும் மாற்றம் உண்டாயிற்று. சிலர் அனுப்பிய பணத்தால் ஊரில் கடன் அடைந்தது. சிலருக்கு ஒரு துண்டு நிலமும் வாய்த்தது. கூலிக்கு வேறு வழி உண்டு என்று அறிந்த உழைப்பாளி, ஊர்ப் பண்ணையாரின் சொல்லுக்கு முன்போல் அஞ்ச வேண்டியதில்லை. அதே வேளையில், உழைக்கும் கைகள் குறைந்த வீடுகளில் முதியோரும் சிறுவரும் தனித்து நின்றனர். இக்கடலின் ஒரு கரையில் தேயிலை மணந்தது. மறு கரையில் கடிதத்துக்காகக் காத்திருப்பு வளர்ந்தது.

4. தில்லியில் எழுதப்பட்ட எண்கள்

இலங்கை 1948-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் விடுதலை பெற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவரிடம் பெரும்பாலும் அத்தகைய ஆவணம் இல்லை. 1947 தேர்தலில் வாக்களித்துத் தம் பேராளர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் வாக்குரிமை அற்றவராயினர். அவர்களுடைய பேராளராக 1947-இல் தேர்வு பெற்றவர்களுள் ஒருவர், மலையக மக்களின் நாட்டுப்பாடல்களைத் தொகுத்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை.

இலங்கை அவர்களை இந்தியர் என்றது. அவர்கள் பல தலைமுறையாக இலங்கையில் வாழ்பவர்கள் என்று இந்தியா கருதியது. இரு நாடுகளும் தம்மவர் என ஏற்காத நிலையில் அவர்கள் நாடற்றவர் எனப்பட்டனர்.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், புதுதில்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். நாடற்றோர் தொகை 9,75,000 எனக் கொள்ளப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது; 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது உடன்பாடு. 1974-ஆம் ஆண்டில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் அவ்வெஞ்சிய தொகையை ஆளுக்கு 75,000 எனப் பகிர்ந்துகொண்டனர்.

இரு நாடுகளின் கணக்கும் சரியாக முடிந்தது. அக்கணக்கில் ஒரு வினா இடம்பெறவில்லை: அம்மக்கள் எங்கு வாழ விரும்பினர்? தொழிலாளரைக் கலந்து பேசாமல் அவர்களைப் பங்கிட்ட முறையை மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் குறை கூறினார். விண்ணப்பங்கள் பெறப்பட்டபோது உண்மை வெளிப்பட்டது. இலங்கைக் குடியுரிமை வேண்டியோர் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையைவிட மிகுதியாக இருந்தனர். இந்தியக் குடியுரிமை வேண்டியோர் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தனர். தாம் பிறந்த மலையே தம் ஊர் என்று அவர்களுள் பெரும்பாலோர் கருதினர்.

பின்னர்ப் புறப்பாடு தொடங்கியது. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியர், தம்பி இலங்கையர் என்று பிரிந்ததும் உண்டு. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் தொடர்வண்டியில் ஏறியவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் அழுத அழுகையால், அவ்வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று மக்கள் பெயரிட்டனர். கோச்சி என்பது இலங்கைத் தமிழில் தொடர்வண்டியைக் குறிக்கும் சொல். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களை மண்டபம் முகாம் வரவேற்றது. அவர்களுள் பலர் அதற்குமுன் இந்தியாவைக் கண்டிராதவர்கள்.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ஆம் ஆண்டில் நிறைவேறியது. 1948-இல் தொடங்கிய துயர் சட்ட அளவில் முடிய 55 ஆண்டுகள் ஆயின.

5. திரும்பியோரும் திரும்பிய ஊரும்

இந்தியாவுக்கு வந்தவர்களை அரசு ஆவணங்கள் ‘தாயகம் திரும்பியோர்’ என்றன. 1968-ஆம் ஆண்டில் அவர்களுக்கு வேலை அளிப்பதற்காக நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. டான்டீ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அவ்வாறு வளர்ந்தது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோரின் மறுவாழ்வுக்காக 1969-ஆம் ஆண்டில் ரெப்கோ வங்கி தோன்றியது. சமவெளி ஊர்களில் சிறுகடன் பெற்றுக் கடை வைத்தவர்களுள் பலர் நட்டமடைந்தனர். தேயிலையன்றி வேறு தொழில் அறியாதவர்கள், மீண்டும் மலையையே நாடிக் குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளை அடைந்தனர்.

இங்கும் புகுந்த நிலத்தின் கணக்கு இரு பக்கம் கொண்டது. வந்தவர்களின் உழைப்பால் நீலகிரியில் தேயிலைத் தொழில் வலுப்பெற்றது. அதே நேரத்தில் காட்டுநிலம் தோட்டமாயிற்று. காட்டைச் சார்ந்து வாழ்ந்த பழங்குடி மக்களின் இடம் சுருங்கியது. புதிதாக வந்தவர்களை உள்ளூரார் ‘சிலோன்காரர்’ என்றனர். இலங்கையில் இந்தியத் தமிழர் எனப்பட்டவர்கள், இந்தியாவில் சிலோன்காரர் ஆயினர். கடலைக் கடந்த பின்னும் அயலார் என்னும் பெயர் அவர்களைவிட்டு நீங்கவில்லை.

பர்மாவிலிருந்து திரும்பியோரின் வரலாறும் இதனோடு ஒப்பிடத்தக்கது. பர்மாத் தேக்கு செட்டிநாட்டு மாளிகைகளில் தூணாக நின்றது. அது செல்வம் திரும்பி வந்த காலம். 1942-இல் போருக்கு அஞ்சிப் பல்லாயிரவர் கால்நடையாக வந்தனர். 1960-களில் அங்கிருந்த இந்தியரின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபின் இன்னும் பலர் வந்தனர். அது வெறுங்கையோடு மனிதர் திரும்பி வந்த காலம். சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு அருகிலுள்ள பர்மா பஜாரும், வடசென்னையில் விற்கும் அத்தோ என்னும் நூடுல்சு உணவும் அவர்களுடைய வருகையின் அடையாளங்கள்.

6. இன்றைய புலம்பெயர்வு

ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீட்டின்படி 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 28 கோடி மக்கள் தாம் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தனர். மிகுதியான மக்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாடு இந்தியா. அவர்கள் 2022-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு அனுப்பிய பணம் 10,000 கோடி அமெரிக்க டாலருக்கும் அதிகம்.

பிறந்த நிலத்தில் அப்பணம் ஓட்டுவீட்டை மாடிவீடாக்குகிறது. தங்கையின் படிப்புக்கும் தந்தையின் மருத்துவத்துக்கும் உதவுகிறது. வெளிநாட்டில் கற்ற தொழிலறிவும் புதிய எண்ணங்களும் உடன் வருகின்றன. ஆனால் நிலத்தின் விலை ஏறுவதால், வெளிநாட்டில் உறவினர் இல்லாத குடும்பம் மனை வாங்க இயலாமல் தவிக்கிறது. மருத்துவரையும் செவிலியரையும் பயிற்றுவிக்க ஊர் செலவிடுகிறது. அவர்களுடைய பணியை வேறு நாடு பெறுகிறது. பிள்ளைகளின் முகத்தைக் கைப்பேசித் திரையில் காணும் முதியோர் பெருகுகின்றனர்.

புகுந்த நிலத்தில் கட்டடங்கள் எழுகின்றன, மருத்துவமனைகள் இயங்குகின்றன, முதியோர் மிகுந்த நாடுகளுக்கு இளைய கைகள் கிடைக்கின்றன. கூலி குறைந்துவிடுமோ, தம் மொழியும் வழக்கமும் மங்கிவிடுமோ என்னும் அச்சமும் அங்கே பிறக்கிறது. அவ்வச்சத்தைத் தீர்ப்பதற்கு வழி வந்தவரை வெறுப்பதன்று. இருவருக்கும் ஒரே கூலியும் ஒரே சட்டமும் வழங்குவதே.

வளைகுடா நாடுகள் பலவற்றில் தொழிலாளரின் நுழைவுரிமை ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்டுள்ளது. கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால் தொழிலாளர் ஊர் திரும்பவும் இயலாது. கத்தார் நாடு 2020-ஆம் ஆண்டில் முதலாளியின் ஒப்புதல் இன்றி வேலை மாறும் உரிமையைச் சட்டமாக்கியது. இந்தியாவில் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, ஆள் அனுப்பும் முகவர் அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவு பெறாத முகவரை நம்பிக் கடன் வாங்கிச் செல்பவர், அன்றைய கங்காணியின் முன்பணத்தில் சிக்கியவரின் நிலையையே அடைகிறார்.

7. மூவரின் கணக்கு

தில்லித் தமிழர் எல்லையைக் கடந்தவர்கள் அல்லர். ஊர்விட்டு வந்தபோதும் குடியுரிமை அவர்களுடன் வந்தது. வாக்களிக்கவும், பள்ளியில் சேரவும், அரசுப் பணி பெறவும், தாய்மொழியைப் பாடமாகப் பயிலவும் அவர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. ஆயினும் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. ஜங்புராவில் வடிகால் ஓரத்தில் இருந்த மதராசி முகாம் என்னும் தமிழர் குடியிருப்பின் 300-க்கும் மேற்பட்ட வீடுகள் 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீதிமன்ற ஆணைப்படி அகற்றப்பட்டன. தகுதி உடையோர் எனக் கண்டறியப்பட்ட குடும்பங்களுக்குத் தொலைவிலுள்ள நரேலாவில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் ஓரிடத்தில், வீடு வேறிடத்தில் என்னும் நிலை பிறந்தது. வடிகாலைச் சீர்செய்வது நகரின் தேவை. அத்தேவைக்காகப் பெயர்க்கப்படுவோரின் தேவையும் அதே கணக்கில் எழுதப்பட வேண்டியதே.

பட்டினப்பாலை என்னும் சங்கநூல், பல மொழி பேசும் மக்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது வாழ்ந்ததைப் பாடுகிறது. புலம்பெயர்ந்தோரை ஏற்பதும் புலம்பெயர்ந்து செல்வதும் தமிழருக்குப் புதியன அல்ல. பிறந்த நிலம் தன் மக்களை மறவாமல் இருப்பதும், புகுந்த நிலம் உழைப்பை மட்டுமன்றி உழைப்பவரையும் தன்னவராக ஏற்பதும், பெயரும் மனிதரின் விருப்பத்தை இரண்டும் கேட்பதும் நிகழுமாயின், புலம்பெயர்வால் மூவரும் நலம் பெறுவர். அந்த மூன்றாமவரை மறந்து போட்ட கணக்கு, ஏட்டில் சரியாக இருந்தாலும் வாழ்வில் சரியாவதில்லை.

சொற்பொருள்

ஆவணம் – எழுத்துச் சான்று
இருப்புப்பாதை – தொடர்வண்டி செல்லும் வழி
கவ்வாத்து – செடியின் கிளைகளைக் கத்தரித்துச் சீர்செய்தல்
கொழுந்து – செடியின் இளந்தளிர்
நாடற்றவர் – எந்நாட்டின் குடியுரிமையும் இல்லாதவர்
பெரட்டுக் களம் – தோட்டத் தொழிலாளர் காலையில் கூடுமிடம்
பேராளர் – மக்களின் சார்பாளர்
லயம் – தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. சாஸ்திரி – சிறிமாவோ உடன்பாடு கையெழுத்தான நகரம் ________.
2. தொழிலாளரை ஊர்களில் திரட்டி அழைத்துச் சென்றவர் ________ எனப்பட்டார்.
3. தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காக 1969-இல் தோன்றிய வங்கி ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. உள்நாட்டு இடப்பெயர்வுக்கும் பன்னாட்டுப் புலம்பெயர்வுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ‘ஒப்பாரிக் கோச்சி’ என்னும் பெயர் ஏன் உண்டாயிற்று?
3. கண்டிச் சிங்கள உழவரின் மனக்கசப்பு யார்மேல் திரும்பியது? அது சரியா?

இ. விரிவான விடை தருக.
1. 1947-இல் தில்லி பிறந்த நிலமாகவும் புகுந்த நிலமாகவும் விளங்கியதைச் சான்றுகளுடன் விளக்குக.
2. 1964-ஆம் ஆண்டு உடன்பாட்டில் விடுபட்ட வினா எது? அதன் விளைவுகளைத் தொகுத்து எழுதுக.

ஈ. மொழிப்பயிற்சி
1. பிரித்து எழுதுக: தாய்மொழி, மலைநாடு, வெறுங்கை, காட்டுநிலம்.
2. எதிர்ச்சொல் தருக: வரவு, இலாபம், உள்ளூர், பெருகியது.
3. ‘கோச்சி’ போல, ஒரே பொருளுக்கு இடத்துக்கு இடம் வேறுபட்டு வழங்கும் தமிழ்ச் சொற்கள் ஐந்தினை எழுதுக.

உ. செயல்பாடு
வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம், அவர் முதன்முதலில் ஊரைவிட்டு வந்த நாளைப் பற்றிக் கேட்டறிக. ஊர் எதனை இழந்தது, தில்லி எதனைப் பெற்றது, அவர் எதனைப் பெற்றார், எதனை இழந்தார் என்று தனித்தனியே எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.